விஸ்வேஸ்வரனின் நகச்சுற்று

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பிருந்தே விஸ்வேஸ்வரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வலது கைக் கட்டைவிரலில் நகச்சுற்று. தேங்காய் உரிக்கும்போது நகக்கண்ணில் ஒரு சிராய் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் விரல் வீங்கிவிட்டது. உட்கார்ந்தால் விண்விண்ணென்று தெறித்தது, எழுந்து நடந்தால் இன்னும் தெறித்தது. மனைவி ருக்கு ஒரு எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு, மஞ்சளைக் குழைத்து அடைத்து, விரலில் செருகிவிட்டாள். அந்தப் பழத்தோடு மனிதர் கூடத்துக்கும் கொல்லைக்குமாக அலைந்தார். வாசலில் ஆள் அரவம் கேட்டால் கையை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஒளிப்பதற்குக் காரணம் இருந்தது. திருத்தணியில் தலைமுறை தலைமுறையாகச் சமையல் வேலை பார்க்கும் குடும்பம். பதினோரு வயதில் கரண்டி பிடித்தவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அரக்கோணம், மணவூர் என்று இவர் சமைக்காத கல்யாணமில்லை. முழங்கால் தேய்ந்த பிறகு ஆள் அமர்த்துவது, சாமான் வாங்குவது, அடுப்பைப் பார்ப்பது எல்லாம் அக்கா பிள்ளை பரத்வாஜிடம் போய்விட்டன. அவனிடம் போகாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, தயிர்சாதம் பிசைவது. குழைய வடித்த சோற்றைப் பால் விட்டுக் கையாலேயே மசிக்க வேண்டும். கரண்டியால் மசித்தால் அந்த மென்மை வராது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைத்ததும் இவர்தான்.

கிருத்திகையன்று மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அன்னதானம். அதில் தயிர்சாதம் திருவாலங்காட்டுச் சக்திவேலின் உபயம். நெல்லும் கரும்பும் போடுகிற பெரிய குடும்பம், பத்தொன்பது வருஷமாக விட்டதில்லை.

இந்த வருஷம் பரத்வாஜே பிசையட்டும் என்று ருக்கு சொல்லிப் பார்த்தாள். அவர் வள்ளென்று விழுந்தார். ஒரு தடவை அவன் பிசைந்து நன்றாக வந்துவிட்டால், அடுத்த வருஷம் தன்னை எவன் தேடுவான் என்று கேட்டார். கோபம் போலத்தான் இருந்தது. அது முழுக்கப் பயம்.

விரலைவிட அதிகமாகப் படுத்தியது வேறொன்று. இரண்டு மாதம் முன்பு சமையல்காரர்களுக்கு அரக்கோணத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் பரத்வாஜ் இவரை இழுத்துப் போயிருந்தான். பாடம் நடத்திய பெண் எல்லார் கையிலும் ஏதோ தைலத்தைத் தடவி, கழுவிவிட்டு வரச் சொல்லி, நீல விளக்கடியில் நீட்டச் சொன்னாள். சரியாகக் கழுவாத இடமெல்லாம் மின்னுமாம். இவர் நகக்கண் பத்தும் மின்னியது. கூட்டம் சிரித்தது. இரண்டு வேளை குளித்து, மடி வேஷ்டி கட்டி, சமைக்கும் நேரத்தில் பெண்டாட்டியின் முந்தானைகூடப் படாமல் ஒதுங்கி நடக்கிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம். வெளியிலிருந்து எதுவும் தன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதிலேயே ஆயுள் போயிற்று. தன்னிடமிருந்து ஏதாவது வெளியே போய் ஒட்டும் என்று அவர் யோசித்ததே கிடையாது.

கையில் சீழ்ப்புண் இருந்தால் உணவைத் தொடவே கூடாது என்றும், சீழிலுள்ள கிருமி சோற்றில் விடுகிற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது என்றும் அவள் சொன்னாள். ஊர் திரும்பி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார். பரத்வாஜ் வாங்கி வைத்த கையுறைகளுக்கு ஆஸ்பத்திரி உறை என்று பெயரும் வைத்தார். இப்போது எந்த முகத்தோடு அதில் ஒன்றைக் கேட்டு வாங்குவது?

கிருத்திகைக் காலையில் எலுமிச்சம்பழத்தைக் கழற்றினார். நகத்தோரம் துவரம்பருப்பு அளவுக்கு மஞ்சளாக முனை கட்டியிருந்தது. மண்டபத்துக் குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். பக்கத்திலேயே இடது கை ஒரு கீறல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. இருந்து என்ன செய்ய? இடது கையால் பிசைந்த சோற்றை யார் சாப்பிடுவார்கள்? வெளியே பம்பை முழங்கியது. காவடிகள் மலையேறிக்கொண்டிருந்தன.

மொத்தம் மூன்று அண்டா. முதல் அண்டாவில் பாலை விட்டு வலது கையை இறக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மசித்தார். பக்கத்தில் மார்பு நிறையச் சந்தனத்தோடு சக்திவேலும், தொன்னையை நீட்டிக்கொண்டு அவருடைய ஆறு வயதுப் பேத்தியும் நின்றிருந்தார்கள். அண்டா பாதி மசிந்திருக்கும். சட்டென்று வலி நின்றது.

அப்பாடா என்று இருந்தது. மூன்று நாளுக்குப் பிறகு முதல் நிம்மதி. அடுத்த மூச்சில் ஏன் நின்றது என்று புரிந்தது. கையை எடுத்துப் பார்த்தார். முனை உடைந்து தோல் தொளதொளவென்று தொங்கியது. அண்டாவைப் பார்த்தார். வெள்ளைச் சோறு, வெள்ளைப் பால். ஒன்றும் தெரியவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. குழந்தை தொன்னையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியது.

விஸ்வேஸ்வரன் அந்தத் தொன்னையைப் பார்த்தார். பிறகு, எல்லார் கண்ணெதிரிலும், இடது கையை மணிக்கட்டுவரை அண்டாவுக்குள் விட்டார்.

மண்டபத்திலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சாமி, பீச்சாங்கைய வெச்சிட்டீங்களே?" என்றார் சக்திவேல். "உங்க கைய நம்பித்தான வருசா வருசம் வந்துகினு இருக்கேன்."

மாமாவுக்கு வயதாகிவிட்டது, ஏதோ நினைப்பில் செய்துவிட்டார் என்று பரத்வாஜ் சமாதானம் சொன்னான். விஸ்வேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். புத்தி பேதலித்த கிழவன் என்ற பெயரோடு போகட்டும், சோறு குப்பைக்குப் போய்விடும். அந்த அளவில் அவர் தப்பித்துவிட்டதாகவே நினைத்தார்.

ஆனால் பரத்வாஜ் அண்டாவைத் தூக்க இரண்டு ஆளைக் கூப்பிட்டான். "கொட்ட மனசு வரலை மாமா. படிக்கட்டுல கையேந்திண்டு உக்காந்திருக்கறவாளுக்குக் குடுத்துடலாம். அவா இதெல்லாம் பாக்க மாட்டா."

"ஆங், அதுவும் புண்ணியந்தான்," என்றார் சக்திவேல்.

அண்டா மண்டப வாசலைத் தாண்டியது. விஸ்வேஸ்வரன் அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு ஓடினார். போய் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தூக்கியவர்கள் தடுமாறிக் கீழே வைத்தார்கள். எல்லோரும் ஓடி வந்து சூழ்ந்ததும் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"யாருக்கும் குடுக்காதேடா. மாட்டுக்கும் வைக்காதே, குழி வெட்டிப் பொதச்சுடு. என் விரல்ல இருந்த சீழ் இதுல ஒடஞ்சுடுத்து."

பரத்வாஜ் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். சக்திவேல்தான் கேட்டார்.

"கையில புண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சேதான் பிசைஞ்சீங்களா, சாமி?"

"தெரியும். மூணு நாளா தெரியும்."

சக்திவேல் திட்டவில்லை. விஸ்வேஸ்வரனை ஒட்டி நின்ற பேத்தியைத் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.