சின்னக் கம்பித்தட்டு

எங்கள் வீட்டில் கணப்படுப்பு இருந்தது என்று சொன்னபோது பல்கலைக்கழக விடுதியில் யாரும் நம்பவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பையனுக்குத் துரை பங்களா வசதியா என்று சிரித்தார்கள். வசதி ஒன்றுமில்லை. நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், றொசல்லைக்கு மேலே மலையில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கூரைத் தகரங்களைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஆளில்லாமல் கிடந்த தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரின் பழைய வீட்டில் ஓர் அறையைத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். தோட்டத்தில் தற்காலிகம் என்றால் எத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை.

அறைச் சுவரில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்படுப்பு. புகைபோக்கி நன்றாகவே இருந்தது. விறகைத் தாங்கும் இரும்புக் கம்பித்தட்டை மட்டும் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். வெறுந்தரையில் அடுக்கிய விறகு சாம்பலில் புதைந்து புகைந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே இருமல். கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் உலைக்கு விறகு தள்ளுகிறவர். "அடியில காத்து போனாத்தான் நெருப்பு நிக்கும்" என்றார். தான் இரவெல்லாம் வெக்கையில் நிற்க, அம்மாவும் சின்னத் தங்கச்சியும் குளிரில் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போன நாளில் நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டரிடம் அம்மா தனியாகத்தான் போனாள். அப்பா வெளியே, புதுத் தட்டு வாங்க அளவெடுத்த கயிற்றை நீவிக்கொண்டிருந்தார். அடுப்பின் முன்பக்க அகலத்துக்கு ஒரு முடிச்சு, குறுகிய பின்பக்கத்துக்கு ஒரு முடிச்சு. அம்மா வெகுநேரம் கழித்து வந்தாள். "மருந்து குடுத்திருக்காங்க. வாங்க, போவோம்."

ஹட்டனில் பழைய இரும்புக் கடையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று ஏதோ பங்களாவிலிருந்து வந்த வார்ப்பிரும்பு. முன்னால் வளைவு, புலிநகம் போலக் கால்கள். மற்றது ஐந்தே கம்பிகளைப் பட்டறையில் ஒட்டிச் செய்தது.

அப்பா பெரியதில் கயிற்றை வைத்துப் பார்த்தார். "அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு. மூணு கட்டை போட்டா விடிய விடிய நிக்கும்."

"இத நவுத்தி யாரு சாம்பல் அள்றது?" என்றாள் அம்மா.

"நான் அள்றேன்."

"நீங்க வேல முடிஞ்சு வந்து படுத்துருவீங்க." அம்மா என்னைப் பார்த்தாள். "இங்க வாப்பா. இத தூக்கு பாப்போம்."

கடை முதலாளி சிரித்தார். "என்னம்மா, பொடியனுக்குத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியப் போறீங்களா?"

"அதுக்கில்லைங்க. அவன் படிக்கிற புள்ள."

மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கால் மட்டும் அசைந்தது. சின்னதை ஒரே மூச்சில் எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

"இது போதும்" என்றாள் அம்மா.

"இது என்னா, குருவி குளிர் காயவா?" என்று அப்பா கேட்கும்போதே அவள் காசை எண்ணிக் கொடுத்தாள். என் கை சோற்றுக்குத்தான் லாயக்கு என்று எண்ணி வீடு வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை. கட்டிலில் இருந்தபடியே என்னை ஏவினாள். "தட்ட வெளிய எடு. சாம்பல முழுசா வழிக்காத, ஒரு விரல்கடை விடு." கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகள் அடியில், கட்டை மேலே. தினமும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இதே வேலை. நான் அப்பாவிடம் கோள் சொன்னேன். "ஒங்கம்மா இப்ப கங்காணி ஆயிட்டா" என்று அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

அடுத்த மழைக்காலம் வருமுன் அம்மா இறந்துவிட்டாள். காரியத்துக்கு வந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்காங்களே. ஒங்களுக்குத் தெரியாதா?" அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அது பெரியவர்கள் பேச்சாகப் பட்டது.

சொந்தக்காரர்கள் போன பிறகு, அப்பா மீண்டும் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் காலை. அவர் வரும்போது நான் தட்டை எடுத்து, சாம்பல் வழித்து, ஒரு விரல்கடை விட்டு நெருப்பு மூட்டியிருந்தேன். தங்கச்சி அதன் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்பா என்னையும் அந்த ஐந்து கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பெரிய தட்டை நினைத்துத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ச் சொன்னேன்:

"அழாதீங்கப்பா. இப்ப என்னால பெருச தூக்க முடியும்."