அண்ணியின் வலது கண்

அலுவலகத்தில் அவளைக் 'கோணக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. செய்த வேலை அப்படி. கண்ணின் முன்னால் கண்ணாடி போலிருக்கும் படலமும், அதன் பின்னாலிருக்கும் நிறமுள்ள திரையும் சேருகிற இடத்தில் ஒரு மூலை உண்டு. கண்ணுக்குள் ஊறும் நீர் அந்தக் கோணத்தின் வழியாகத்தான் வடிய வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பட்டுப்போகும். ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் அந்தக் கோணத்தைத் தானே அளந்து சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். படத்துக்குப் படம் புள்ளி வைத்து, இது திறந்திருக்கிறது, இது மூடப் பார்க்கிறது என்று குறித்துக்கொடுப்பது அவள் பங்கு. வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

வீடு என்றால் அண்ணன் வீடு. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றவளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போனவள் அண்ணி. பின்னறைச் சாமான்களைத் தானே பரணில் ஏற்றி, சன்னலோரம் மேசையும் போட்டுக்கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைக் கிளறப் பார்த்தபோது, "அவ கம்ப்யூட்டருக்கே டீச்சர். நமக்கு குக்கர் விசிலை எண்ணத்தான் தெரியும்" என்று சிரித்தே அனுப்பிவிட்டாள். வேளாவேளைக்குத் தட்டு மேசைக்கு வந்துவிடும். கோணக்காரி படத்திலிருந்து கண்ணெடுக்காமல் சாப்பிடுவாள்.

அந்த அண்ணிக்குத்தான் சில மாதங்களாகச் சாயங்காலமானால் வலது புருவத்துக்கு மேல் வலி. விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றும் ஒருமுறை சொன்னாள். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், வயதாகிறதே என்று திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள் கோணக்காரி. வளையம் தெரிந்தால் என்ன அர்த்தமென்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பாடம் நடத்தியிருந்தார்கள். காதில் விழுந்ததோடு சரி.

பிறகு நிறுவனத்துக்கு இன்னும் படங்கள் தேவைப்பட்டன. ஊழியர்கள் வீட்டாரைக் கூட்டிவந்தால் இலவசமாக ஸ்கேன் எடுப்பதாகச் சொன்னார்கள். கோணக்காரி தன் தோழிக்கும் தோழியின் அம்மாவுக்கும் சொல்லிவைத்தாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அறை வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரட்டுமா?"

"நீங்களும் வந்துட்டா வீட்டை யாரு பாக்குறது அண்ணி? அண்ணன் வேற மத்தியானம் சாப்பிட வருவார். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அண்ணி சரி என்று போய்விட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அண்ணி படுத்துவிட்டாள். தலை ஒரு பக்கமாகப் பிளந்தது, வாந்தி நிற்கவில்லை. அண்ணன் வெளியூரில். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டு, படுக்கவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படங்களைப் பார்க்க உட்கார்ந்தாள் கோணக்காரி. காலையில் அண்ணியின் வலது கண் ரத்தமாய்ச் சிவந்து, கருமணி மங்கிக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு புருவ வலி, வளையம், வாந்தி எல்லாம் ஒன்றாகப் புரிந்தது.

கண் மருத்துவமனையில் மருந்து ஏற்றி அழுத்தத்தை இறக்கினார்கள். ஆனால் அந்தக் கண்ணுக்கு நிழலாட்டம்தான் மிஞ்சியது. இன்னொரு கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமென்று ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஓடியது கோணக்காரியின் நிறுவனம் கொடுத்த நிரல்தான். படம் வந்த நொடியில் மூலையில் புள்ளிகள் சரியாக விழுந்தன. கோணம் மிகக் குறுகல் என்று சிவப்பில் காட்டியது. ஒரே கூரையின் கீழ் அண்ணி கையால் சாப்பிட்டுக்கொண்டு தான் பார்க்காததை அது பார்த்துவிட்டது.

"இதுக்குச் சொல்லிக்குடுத்ததே எங்க நாத்தனார்தான்" என்று அண்ணி அந்த வலியிலும் ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் பெருமையடித்துக்கொண்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட கோணக்காரிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இடது கண்ணில் லேசரால் சிறு துளை போட்டு நீருக்கு வழி செய்தார்கள். அது பிழைத்தது. தங்கை மட்டும் இல்லையென்றால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. அது இன்னொரு பாரமாக ஏறிக்கொண்டது. அண்ணி வலப்பக்கக் கதவில் இடித்துக்கொண்டாள். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். சமையலைக் கோணக்காரி எடுத்துக்கொண்டாள். அடிப்பிடித்த குழம்பைத் தின்றுவிட்டு, "ஒரு கண்ணு போனதுக்கே இந்த சாப்பாடு. ரெண்டும் போயிருந்தா பட்டினிதான்" என்று அண்ணி கேலி செய்தாள். கோணக்காரியும் சிரித்தாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு மத்தியானம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அன்னைக்கு வரட்டுமான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க அண்ணி."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அது மறக்கவே மாட்டேங்குது."

அண்ணி கன்னத்தில் வழிந்த மருந்தைத் தானே துடைத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிக்காத. அவர் தாங்க மாட்டார். நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். மன்னித்தேன் என்றிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இரண்டுக்கும் அண்ணி இடம் வைக்கவில்லை.

இந்தக் கோளாறு கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியின் தங்கைகளைக் கோணக்காரி விடாமல் துரத்தினாள். எனக்கென்ன, ஊசியில் நூல் கோக்கிறேன் என்று மல்லுக்கு நின்ற கடைசித் தங்கையை பஸ் ஏறிப்போய்க் கையோடு கூட்டிவந்தாள். அவளுக்கும் கோணம் குறுகித்தான் இருந்தது. சரியான நேரத்தில் லேசர் செய்தார்கள். கண்ணைக் கொடுத்த தெய்வமே நீதான் என்று அவள் போனில் தழுதழுத்தபோது, கோணக்காரி, "அக்காகிட்ட குடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை அண்ணியின் கையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவ உள்ளே போனாள்.