அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்த வாத்து

எங்கள் வீட்டில் வாத்து வளர்த்தோம் என்றால் குளத்தில் கூட்டமாய் நீந்துமே, அந்தச் சின்ன வாத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவல்ல. கழுத்து நீண்ட, வெள்ளைவெளேரென்ற பெரிய வாத்து. நிமிர்ந்து நின்றால் அன்றைக்கு என் நெஞ்சுக்கு வரும். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் மிஷன் பங்களாவிலிருந்த துரை குடும்பம் கப்பலேறியபோது, அங்கே தோட்ட வேலை பார்த்த அப்பாவிடம் ஒரு சோடியை விட்டுவிட்டுப் போனது. ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. பங்களா வாத்து என்றார்கள்.

தீனிக்குத் தொந்தரவு இல்லை. எங்கள் விளையில் தென்னைக்கு அடியில் கிடந்த புல்லை மாடு போல மேய்ந்தன. சாயங்காலம் தவிடும் கஞ்சித்தண்ணீரும் வைத்தால் போதும். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! வேலிக்கு அப்பால் யார் நடந்தாலும் ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு ஓடும். ஜெபம் பண்ண வந்த உபதேசியாரின் வேட்டியை ஒருமுறை கவ்வி இழுத்துவிட்டது. மனுஷன் அதன்பிறகு படலுக்கு வெளியே நின்றே ஜெபத்தை முடித்துக்கொண்டு போவார். எனக்கும் அதைக் கண்டால் குலைநடுக்கம்தான்.

அக்காவுக்கு மட்டும் அது அடங்கும். அக்காவைக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன் அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. அத்தான் கொண்டுவந்து விட்டார். "சொகமானதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனவர்தான். காய்ச்சல் போயிற்று, தலைமுடி கொட்டித் திரும்ப வளர்ந்தது, ஆள் வரவில்லை. கோயிலுக்குப் போனால் பெண்கள் அவளைப் பார்த்து, "மாப்பிள வரலியா மக்கா?" என்று கேட்பார்கள். கேட்கிற சவங்களுக்குப் பதில் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்பார்கள். அக்கா கோயிலைத் தவிர வேறெங்கும் போகாமலானாள். நாள் முழுக்க விளையில் வாத்துகளோடு கிடந்தாள்.

ஒரு ஐப்பசியில் பெட்டை வாத்து வாழைமூட்டில் சருகைக் கூட்டி, தன் நெஞ்சு மயிரைப் பிய்த்துப் பரப்பி, அடையில் உட்கார்ந்தது. ஆண் வாத்து பக்கத்திலேயே நிற்கும். மழை கொட்டினாலும் நகராது. முன்பு இரண்டு தடவை முட்டை கூமுட்டையாகிவிட்டதால், இந்த முறை குஞ்சு பொரித்துப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு அத்தனை ஆசை. ஓலை மறைப்புக் கட்டி, தண்ணீர்ச் சட்டியைக் கிட்டத்திலேயே வைத்துக் காவல் கிடந்தாள். அவள் சிரித்துப் பேசியதை அந்த நாட்களில்தான் திரும்பக் கண்டேன்.

அப்போதுதான் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுவடை முடிந்ததும் வருவது. அவரவர் வீட்டில் விளைந்ததில், வளர்ந்ததில் நல்லதைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். அதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்ததைக் கொடுத்திருந்தால், அவர்களுடைய சொந்தக்காரர் யாராவது அதை ஏலத்தில் எடுத்து அந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுவார். கடவுளுக்குக் கொடுத்ததாகவும் ஆகும், உறவும் பலப்படும். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள் ஒரு கிடாரியை ஏலமெடுத்துச் சேர்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

அத்தான் பண்டிகைக்கு வருகிறார் என்று சேதி கிடைத்ததும் அம்மா பொருத்தனை செய்துவிட்டாள். வீட்டில் உசத்தியானதைக் கொடுத்தால் மருமகன் மனசைக் கர்த்தர் திருப்புவார் என்று நம்பினாள். உசத்தியானது என்று எங்களிடம் அந்த ஆண் வாத்தை விட்டால் வேறு என்ன இருந்தது?

"சேவல் வாத்தக் கொண்டு போனா பெட்ட அடைய விட்டு எழும்பிரும்மா" என்றாள் அக்கா.

"ஒனக்கு வாத்து வேணுமா, மாப்பிள வேணுமாட்டி?" என்று கேட்டாள் அம்மா.

அக்கா தானே போய் ஆண் வாத்தைப் பிடித்து, கால்களைத் துணியால் கட்டி, ஓலைக் கடவத்தில் வைத்தாள். வேறு யார் பிடித்தாலும் கொத்திக் கிழித்திருக்கும். அவள் கையில் அது கழுத்தை மடக்கிப் பேசாமல் இருந்தது.

ஏலத்தில், கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை கடவத்தைத் தூக்கிக் காட்டினார். பெரிய வாத்து, கிறிஸ்துமஸ் கறிக்கு ஆகும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், கேட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். மருமகன் மாமனார் வீட்டு வாத்தை எடுக்கிறான், குறுக்கே விழலாமா? மூன்று தரம் சொல்லி முடித்ததும் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அங்கேயே அழுதாள். நானும் அழுதேன். முட்டாள்தனமாக அந்த மனுஷனை நான் அன்று நேசித்தேன்.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். அம்மா மருமகனுக்கென்று மீன்குழம்பு கூட்டினாள். அப்பா, கடவத்தோடு அவர் நேரே உள்ளே வரட்டும் என்று படலைத் திறந்துவைத்து நின்றார். இருட்டும்வரை நின்றார். கடவத்தை பஸ் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு அத்தான் மத்தியானமே மலைக்குப் போய்விட்டதாக உபதேசியார் வந்து சொன்னார்.

"தோட்டத்துல லீவு கெடைக்காம இருக்கும். நாளைக்கு வாத்தோட வருவாரு" என்றாள் அம்மா. மறுநாளும் அதையே சொன்னாள். அக்கா டிரங்கைத் திறக்கவில்லை. உடுத்த சேலையையே நனைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டை வாத்து அடையை விட்டு எழுந்து, படல் ஓரத்தில் நின்று கத்த ஆரம்பித்தது. அக்கா அதைத் தூக்கிக் கொண்டுபோய் முட்டைமேல் உட்கார்த்துவாள். அது எழுந்து வந்துவிடும். மழையில் முட்டைகள் குளிர்ந்து போயின. ஒன்றை உடைத்துப் பார்த்தபோது உள்ளே குஞ்சு மூக்கு வரை உருவாகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்து ஆள் ஒருவர் தூக்குவாளியோடு வந்தார். நல்ல மனுஷன், ஒன்றும் அறியாதவர்.

"மயினி, மாப்பிள குடுத்து விட்டாரு. புதுசா வந்த பெரிய தொரைக்கு விருந்து வச்சாரு. நீங்க வளத்ததுல்லா, ஒரு பங்கு குடுக்காண்டாமான்னு சொன்னாரு" என்று அம்மாவிடம் நீட்டினார்.

மூடியைத் திறக்குமுன்பே மசாலா வாசனை வந்துவிட்டது. அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்காதான் வாளியை வாங்கினாள். வாழைமூட்டில் குழி தோண்டிக் கறியைக் கொட்டி மூடினாள். சாம்பல் போட்டு வாளியைத் தேய்த்தாள், கழுவினாள், திரும்பவும் தேய்த்தாள்.

யார் வீட்டுப் பாத்திரம் வந்தாலும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் கிடையாது. பகையாளி வீட்டுப் பாத்திரமானாலும் ஒரு கை உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். அம்மா உள்ளே ஓடிக் கருப்பட்டி எடுத்து வந்தாள்.

"இத இட்டுக் குடுட்டி. நாளைக்கு அவரு மொகத்துல முழிக்காண்டாமா?"

"வேண்டாம்மா" என்றாள் அக்கா. வெறும் வாளியை மூடி, வந்தவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாததைக் கண்டு, என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு படலைத் தாண்டிப் போனார். அக்கா உள்ளே போய் டிரங்கைத் திறந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.