சக்கரம் மறைத்த வேலைவாய்ப்பு

வெப்சைட் வேலைன்னா ஏசியில உக்காந்து நோகாம பண்றதுன்னு நினைக்கிறவங்க, கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒண்ணுக்கு ஒரே ஒரு மெனுவை ரிப்பேர் பண்ணிப் பாக்கணும். அப்பல்லாம் எல்லா சைட்லயும் ஃப்ளாஷ் படம் ஓடும். மேல இருக்கற மெனுவுல மவுஸை வச்சா கீழ இறங்கற பட்டியல், படத்துக்குப் பின்னால போய்ப் பதுங்கிக்கும். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்குத் தெரியும் அந்த பேஜாரு.

படத்து மேல கை வைக்காத

மணவாள நகர்ல இருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். இரும்பு உருக்கற கம்பெனி. முதல் பக்கம் முழுக்க ஒரு பல்சக்கரம் சுத்துது, பொறி பறக்குது. ‘வேலைவாய்ப்பு’ன்னு ஒரு மெனு இருக்கு; அதுல இருந்து இறங்கற பட்டியல்லதான் விண்ணப்பம், அது சக்கரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. படத்தைக் கொஞ்சம் கீழ தள்ளிட்டா தீர்ந்துதுன்னு மானேஜர்கிட்ட சொன்னேன்.

"மொதலாளி அந்தப் படத்த ஊட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கினு கீறாரு. அத்த மட்டும் தொடாதம்மா."

ஒரே ஒரு வரி

படத்தை அடக்கி வைக்க ஒரு வரி கோட் இருக்கு. போட்டேன். மானேஜர் கம்ப்யூட்டர்ல பட்டியல் ஜம்முனு சக்கரத்து மேல இறங்குச்சு. மனுஷன் நாலு தடவை இறக்கிப் பாத்து ரசிச்சார். வேற கம்ப்யூட்டர்லயும் பாத்துடலாமான்னு கேட்டேன். கேட்டதோட சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நானும் விட்டுட்டேன். தப்புல பாதி என்னுது.

"நம்ம மெசின்ல வருதில்ல? அவ்ளோதாம்மா மேட்டரு."

அண்ணன் போன பிரவுசிங் சென்டர்

அதே கம்பெனியில எங்க அண்ணன் ஏழு வருஷமா கான்ட்ராக்ட் கூலி. அந்த மாசம்தான் பர்மனென்ட்டுக்கு ஆள் எடுத்தாங்க. கேட்ல பேப்பர் வாங்க மாட்டோம், வெப்சைட்லதான் போடணும்னுட்டாங்க. நான் சரி பண்ணின சைட்டு, தைரியமா போய்ப் போடுண்ணான்னு பெருமையா அனுப்பினேன். கடைசித் தேதி முடிஞ்சப்புறம் கேட்டா, பிரவுசிங் சென்டருக்குப் போயும் போட முடியலன்னான்.

ஊர்ல எல்லாரும் போற அந்த சென்டருக்கு அவனை இழுத்துட்டுப் போனேன். அங்க எல்லாம் லினக்ஸ் மெஷின், மானேஜரோடது மாதிரி விண்டோஸ் இல்ல. என்னோட ஒரு வரி அதுல வேலை செய்யல. பட்டியல் சக்கரத்துக்கு அடியில அப்படியே கிடக்குது. மூணு நாள் வந்து உக்காந்து பாத்துட்டுப் போயிருக்கான், பாவி. யாரையாவது கேட்டிருக்கக் கூடாதான்னு கத்தினேன்.

"எனக்குத்தான் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரிலன்னு நெனச்சிக்கினேன் பாப்பா. பக்கத்துல எல்லாம் படிச்ச பசங்க, கேக்க வெக்கமா இருந்திச்சி."

ரிப்போர்ட் போயிடுச்சு

மறுநாளே மானேஜர்கிட்ட போய் நின்னேன். என் தப்புதான் சார், ரெண்டே ரெண்டு நாள் தேதியைத் தள்ளி வைங்கன்னு கெஞ்சினேன். அண்ணன் பேரையும் சொன்னேன். அவர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பி, பட்டியலை இறக்கிக் காட்டினார்.

"இங்க நல்லாதான வருது? லோக்கல்ல ஒருத்தனும் அப்ளை பண்ணல, இவுங்களுக்கு வேலை செய்ய இஷ்டமில்லன்னு மொதலாளிக்கு ரிப்போர்ட் போயிடுச்சிம்மா."

எங்க தொழில்ல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: மானேஜர் கண்ணுக்குத் தெரிஞ்சா சைட்டு சரியாயிடுச்சு, கூலிக்காரன் கண்ணுக்குத் தெரியலன்னா அது அவன் கண்ணுல இருக்கற கோளாறு.