கொழுந்து கிள்ளிய கோஸ்

உலகச் சண்டைக் காலத்தில் கொரட்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று கையகல இடம்கூட இல்லை என்பதுதான் என் ஏக்கம். பூந்தமல்லியில் கத்தரியும் வெண்டையும் போட்டு வளர்ந்த கை, சும்மா இருக்குமா? கொல்லையில் நல்ல வெயில் விழுகிற ஒரே இடத்தில் வைக்கோல் போர் நின்றது. ஐப்பசியில் மாடுகள் தின்று போர் கரைந்ததும் மாமியாரிடம் அந்த இடத்தைக் கேட்டேன். புது வைக்கோல் வருவதற்குள் சட்டியில் போட ஏதாவது காய்த்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் போருக்கு என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆவடிப் பட்டாள முகாமில் வேலை. அங்கே தோட்டத்தில் மிஞ்சிய முட்டைக்கோஸ் நாற்றுகளை ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் யாரும் அந்தச் செடியைப் பார்த்தது கிடையாது. மழை விட்டதும் நட்டேன். மார்கழிப் பனியில் மற்ற செடிகள் சுருங்கிக்கொள்ள, இது மட்டும் இலையை விரித்துக்கொண்டு கொழுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். கொல்லைக்கு ஓடினால், ஒவ்வொரு செடியிலும் நடுக்கொழுந்து கிள்ளியிருந்தது. மாமியார் தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் அந்தக் கொழுந்தில் செய்த பொரியலும் வைத்தார்.

"கிள்ளாம வுட்டுட்டுப் போய்ட்டியே, நான்தான் கிள்ளினேன். கிள்ளினாத்தான தழைக்கும்" என்றார்.

கீரையைக் கிள்ளிக் கிள்ளித் தழைக்க வைத்த கை அது. இலை இருந்தால் கீரை என்று நினைத்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார், உருண்டை அந்த நடுக்கொழுந்தில்தான் கட்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைத் திட்டுவது? எனக்கென்று பொரியல் எடுத்து வைத்திருந்த மனுஷியையா? சோற்றைப் பிசைந்து தள்ளி வைத்தேன். மாமியார் எழுந்து போனார்.

மறுநாள் செடிகளைப் பிடுங்கிப் போட நினைத்துக் கொல்லைக்குப் போனால், பனியில் முக்காடு போட்டுக்கொண்டு மாமியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். சாம்பல் தூவினார், கழுநீர் ஊற்றினார். மாட்டுக்குக் கழுநீர் வேண்டாமா என்று குத்தலாகக் கேட்டேன். அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

பொங்கல் கழிந்து சில நாளில், கிள்ளிய இடத்துக்குக் கீழே இலைக் கணுக்களில் பச்சையாக முளைகள் மூக்கு நீட்டின. ஒரு தண்டில் மூன்று நாலு. நாளாக நாளாக அவை ஒன்றின் மேல் ஒன்றாக இலையை மூடிக்கொண்டன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாமா என்று யோசித்தேன். கையை நீட்டக்கூட மாமியார் விடவில்லை. கிள்ளுவதென்றாலே அவருக்கு இப்போது குலை நடுங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் உருண்டைகள் எலுமிச்சை அளவு வருவதற்குள் அறுப்பு முடிந்துவிட்டது. ஒரு காலை வைக்கோல் வண்டி கொல்லைப் படல் வழியாக நுழைந்தது. சட்டியில் போட இன்னும் எதுவும் காய்க்கவில்லை. பேச்சு பேச்சுதான், இடம் போயிற்று என்று நான் கிணற்றடியிலேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியது. வண்டிக்காரர் வழக்கமான இடத்துக்கு மாட்டைத் திருப்பினார்.

மாமியார் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து மாட்டுக்கு முன்னால் நின்றார்.

"அந்தாண்ட ஓட்டு நைனா. இது எங்க பொண்ணு தோட்டம்."

மருமகள் என்று சொல்லவில்லை, பொண்ணு என்றார். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டுத் தொழுவத்தின் பின்னால் வைக்கோலை இறக்கினார். நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனேன்.