டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வருவது அவர் வேலை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். அவர் வாங்கிய கார், அவரிடம் வருவதற்கு முன்பே இரண்டு குடும்பங்களைச் சுமந்து களைத்திருந்தது. பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சின்ன வண்டி. தூக்கிய கதவைத் தாங்கும் தண்டுகள் செத்துப் போயிருந்ததால் ஒரு விளக்குமாற்றுக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும்; இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் தூக்கினால்தான் ஏறும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டால் அரை மணி நேரத்துக்கு மீண்டும் உயிர் பெறாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் பழைய பாயை விரித்துக் காருக்கு அடியில் புகுந்துவிடுவார். பிரேக் கட்டைகளை அவரே மாற்றினார். மழைத்தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க மகளை உள்ளே உட்கார வைத்து, வெளியே குடம் குடமாக ஊற்றினார். கண்டும் பிடித்தார். அந்தத் திறமையைப் பொய் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கிடம் வண்டியை விடுவது மட்டும் அவருக்கு ஊர் நடுவே தலை குனிந்து நிற்பது போல.

டார்ச் பிடிப்பது மனைவியின் வேலை. "என் மூஞ்சில அடிக்காத, போல்ட்டுல அடி" என்ற குரல் காருக்கு அடியிலிருந்து வரும். "ரெண்டும் ஒரே மாதிரி கறுத்துக் கிடக்கு, எனக்கென்ன தெரியும்?" என்பாள் அவள். மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் அந்த வீட்டில் உண்மையாகவே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், கோடையில், எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஃபேன் நின்று போனது. தண்ணீர் சூடானால் அது தானாகச் சுற்ற வேண்டும். அதைச் சுற்ற வைக்கும் சின்னப் பொருள் ஒன்று கெட்டிருந்தது. மின்சாரம் அவர் கைக்குப் பழகிய சமாசாரம். பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்தார். வீட்டுச் சுவரில் இருக்குமே, அதே மாதிரி வெள்ளை சுவிட்ச் ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியில், முழங்காலுக்கு நேரே, திருகினார். புதுப் பொருள் வாங்கும் வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவருடைய அக்கா வந்திருந்தாள். "சரி பண்ணிட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தவரைப் பார்த்து, என் தம்பி கை வைத்தால் செத்த வண்டியும் ஓடும் என்று அவள் பெருமையடித்தாள். அந்த வார்த்தை அவருக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. புதுப் பொருளை அவர் வாங்கவேயில்லை. நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் முழங்காலைச் சொறிவது போலக் கையைக் கீழே விட்டு சுவிட்சைத் தட்டிவிடுவார். ஒரு நாள் மறந்துவிட, சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பக்கத்தில் இருந்த மனைவி பதறிக் கேட்டாள். "அந்த முள்ளு கிறுக்கு. அதப் பாத்தெல்லாம் பயப்படாத" என்றபடி முழங்காலைச் சொறிந்துகொண்டார். முள் இறங்கியது. அவள் நம்பினாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் பதினொரு வருடமாக வேலை பார்த்தவள். ஊருக்கு வெளியே புதுக் கிளை திறந்தபோது முதலாளி அதன் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள்தான் சாவியைப் போட்டுத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே போக பஸ் கிடையாது. அதற்காகவே இரண்டு மாதம் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினாள். இந்த வயதில் தனக்கென்று ஒரு அறை, ஒரு மேசை, ஒரு சாவி. அவள் வேறு எதைக் கேட்டாள்?

மீட்டர்காரர் மகிழ்ச்சியாகவே சொல்லிக் கொடுத்தார். கண்ணாடியைத் தூக்கும் விதம், கிளட்சை விடும் பக்குவம், எங்கே தட்டினால் ஹாரன் அடிக்கும் என்பது. மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எண் போட்டு எழுதினாள். ஏழாவது, நடுவழியில் எஞ்சினை நிறுத்தாதே. ஒன்பதாவது, முள்ளைப் பார்த்துப் பயப்படாதே. பதினொன்று எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினாள்.

"அவ்வளவுதானாப்பா?"

அவர் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போனது. சுவிட்சைச் சொன்னால் அன்று சரி செய்யவேயில்லை என்று ஆகிவிடும். முள் கிறுக்கு என்றது பொய் என்று ஆகிவிடும். காலையில் சாலை காலியாகத்தானே இருக்கும், ஓடுகிற காற்றிலேயே எஞ்சின் குளிர்ந்துவிடும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. முதலில் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்து போனது. கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். முள் ஏறிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். மடியிலிருந்த தாளையும் பார்த்தாள். முள்ளைப் பார்த்துப் பயப்படாதே. எஞ்சினை நிறுத்தாதே. கணவன் சொன்னதை வரிக்கு வரி கேட்டு நடந்தாள் அவள். இனிப்பும் தீய்ந்த ரப்பரும் கலந்த நெடி அடித்தது. பானெட் இடுக்குகளிலிருந்து புகை போல ஆவி கிளம்பி, வண்டி ஒரு முறை உலுக்கி நின்றது.

வாடகை வண்டி பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள், பூட்டிய கதவுக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்து, அவளை யாரோ பக்கத்துக் கடைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். முதலாளி கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் அது வேறொருத்தியின் கைப்பையில் இருந்தது.

வண்டியை மெக்கானிக்கின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். எஞ்சின் தலைப்பகுதி சூட்டில் வளைந்துவிட்டது என்றார் மெக்கானிக். பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, அவளிடம் அனுதாபமாகக் கேட்டார்: "அக்கா, ஃபேன் சுவிட்ச போட மறந்துட்டீங்களா?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எஞ்சினுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார்.

"புதுசா ஓட்டுறவங்க மறக்கறதுதான் சார்" என்றார் மெக்கானிக்.

"சரி, ஆக வேண்டியதப் பாருப்பா" என்றார் மீட்டர்காரர். அவர் சொன்னது அவ்வளவே.

மாலையில் அக்கா வந்து கூடத்தில் உட்கார்ந்து, தம்பி கண்ணுக்குள் வைத்துக் காத்த வண்டியை ஒரே காலையில் கொளுத்திவிட்டாளே என்று ஆற்றாமையைக் கொட்டினாள். மகளுக்குப் பொறுக்கவில்லை. தாளை எடுத்து வந்து அப்பாவின் முன் நீட்டினாள்.

"இதுல சுவிட்சே இல்லையேப்பா. நான் கேட்டேன்ல?"

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருக்க முடியுமா? ஓட்டுறவங்களுக்கும் கொஞ்சம் தெரியணும்" என்றார் அவர்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். பதினொன்றுக்குக் கீழே தன் கையால் பன்னிரண்டு என்று எண் மட்டும் போட்டாள். அவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில், பேனாவோடு, அதை மேசையில் வைத்தாள். எழுதட்டும் என்று காத்திருந்தாள். ஒரு வரி. மூன்று வார்த்தை. அது போதும் அவளுக்கு.

அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டுச் செய்தித்தாள் படித்தார். அதன் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம் விழுந்தது. உறவு வீடுகளில் அவள் காரை எரித்த கதை வேடிக்கைப் பேச்சானது. அவள் எதிரிலேயே சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடவே லேசாகச் சிரித்து வைத்தார். பழைய பரிசோதனைக் கூடத்தில், பழைய நாற்காலியில், தன்னிடம் வேலை பழகியவளின் கீழ் அவள் வேலை பார்த்தாள். ஸ்டியரிங்கை மறுபடி தொடவில்லை. கார் வாசலில் நின்றே வெளிறியது. ஒரு நாள் மேசையில் தாளைக் காணோம்.

எட்டு மாதம் கழித்துப் பழைய இரும்புக்காரர் வந்தார். கயிறு கட்டி இழுக்கும்போது ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். மீட்டர்காரர் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்து, தெருமுனை நெரிசலில் நின்றது. அவர் கை தானாக முழங்காலுக்கு இறங்கி சுவிட்சைத் தட்டியது. பேட்டரி இல்லாத வண்டி. டிக் என்ற சத்தம் மட்டும்.

வேலைக்குக் கிளம்பி வந்த மனைவி, நெரிசலில் காருக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றாள். பாதி இறங்கிய கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்துவிட்டார். முகம் கோணியது, கண்கள் கலங்கின.

"அந்தத் தாளக் குடு. எழுதிடறேன்" என்றார்.

அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தாள் அதற்குள்தான் இருந்தது, நான்காக மடித்து.

"வண்டியே போகுது. இனிமே யாரு ஓட்டறதுக்கு எழுதப் போறீங்க?"

முன்னால் கயிறு இறுகியது. அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.