குங்குமம் வைத்த ஆயில் டப்பா

ஞானசௌந்தரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கணவன் கிருபானந்தம் காலையில் டாக்ஸியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பவள் அவள்தான். பழைய வேட்டித் துணியில் துடைப்பாள், மறுபடி உள்ளே விட்டு இழுப்பாள், கோடு வரை நனைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. குழாயடியில் நிற்கும் பெண்கள், "இன்னா சவுந்தரி, வண்டிக்கு ஜுரமா? டாக்டரம்மா மாதிரி பாத்துக்கினு கீறே!" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்றைக்குமே வாயைத் திறந்து பேசுகிறவள் இல்லை. அப்படி இருந்ததால் வந்த வினைதான் இந்தப் பழக்கம்.

எழுபத்து நாலில் கிருபானந்தம் திருப்பதியில் ஓட்டிக்கொண்டிருந்த அம்பாசிடர், சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த பாலசுந்தரத்துடையது. என்ஜினில் புகை தள்ளியதால், திருச்சானூர் சாலையில் இருந்த முனிகிருஷ்ணனின் ஷெட்டில் வண்டியை விட்டிருந்தார்கள். என்ஜினைப் பிரித்து, புது பிஸ்டன் போட்டு, பத்து நாளில் வேலை முடிந்தது. வண்டியை எடுக்கப் போன அன்று சௌந்தரியும் கூடப் போனாள். புத்தூரில் ஒரு சவாரி காத்திருந்தது. போகிற வழியில் அவளை அம்மா வீட்டில் இறக்கிவிடுவதாகப் பேச்சு.

ஷெட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு ஆயில் டப்பா இருந்தது. மூடி பிரிக்காத புது டப்பா. அதன் மேல் மூன்று விரலால் குங்குமம் இழுத்திருந்தது. பக்கத்தில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். முனிகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கற்பூரத்தை எடுத்தார்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் சர்ச் வாசலில் சபை மூப்பர் கிருபானந்தத்தை நிறுத்தி, "வண்டியில எலுமிச்சம்பழம் தொங்குதாமே?" என்று பத்துப் பேர் எதிரில் கேட்டிருந்தார். யாரோ பயணி கட்டிவிட்டுப் போன பழம் அது. அந்த வெட்கம் சௌந்தரிக்கு இன்னும் ஆறவில்லை. கணவன் காதோடு, "கற்பூரம் வேணான்னு சொல்லுங்க" என்றாள்.

கிருபானந்தம் தயங்கித் தயங்கிச் சொன்னான். முனிகிருஷ்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரே, உங்க சாமி உங்களுக்கு" என்று சிரித்து, கற்பூரத்தை வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது சௌந்தரி திரும்பிப் பார்த்தாள். டப்பா அப்படியே இருந்தது. படையலைத் தொடாமல் வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது.

வடமாலபேட்டை தாண்டுவதற்குள் என்ஜினில் கடகடவென்று சத்தம். அடுத்த நிமிடம் இறுகி நின்றுவிட்டது. கிருபானந்தம் குச்சியை உருவினான். காய்ந்து கிடந்தது. ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அந்த வண்டியில் நாலு வருடமாகவே எரிவதில்லை.

லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். "நாலு லிட்டர் ஊத்தி அனுப்பினேன்பா! வழியில கல்லு மேல ஏத்தி அடியில ஆயில் எறக்கற திருகாணியை லூஸ் பண்ணிக்கினு வந்து என்னைக் கேக்கறியா?" என்றார் முனிகிருஷ்ணன். திருகாணி இறுக்கமாகத்தான் இருந்தது. "அப்போ நீயே இறுக்கியிருப்பே" என்றார். டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவன் கூடக் கிருபானந்தத்தை நம்பவில்லை. வண்டியைக் கொன்றவன் என்று பேர் வந்துவிட்டால் எந்த ஓனரும் சாவி கொடுக்கமாட்டான். சித்தூரிலிருந்து ஆள் வந்து சொன்னான்: திங்கட்கிழமை ஓனர் வருகிறார், தப்பு டிரைவருடையது என்றால் அன்றோடு சரி.

அந்த மூன்று நாளும் சௌந்தரியின் கண்ணில் குங்குமம் வைத்த டப்பாவே நின்றது. சொல்லலாம் என்று வாய் வரை வரும். பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்று அவன் கேட்டால்? கற்பூரத்தை நிறுத்தச் சொன்னதும் அவள்தானே. விழுங்கிவிடுவாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக் கேரியரோடு அவளும் ஷெட்டுக்குப் போய்ச் சுவரோரம் நின்றாள். சாமி படத்துக்குக் கீழே டப்பா இல்லை.

பாலசுந்தரம் இருவர் கதையையும் கேட்டார். "ரெண்டு பேரும் நல்லா பேசறீங்க. முனிகிருஷ்ணா, ஊத்தினேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணு. நான் இவனை அனுப்பிடறேன்."

"அதுக்கு இன்னா, இப்பவே பண்றேன்." முனிகிருஷ்ணன் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்தார். அவர் முகத்தில் பொய் இல்லை. ஊற்றியதாக அவரே நம்பியிருந்தார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"வேணாண்ணா!"

மூன்று ஆண்களும் திரும்பினார்கள். சௌந்தரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க கெளம்பறப்போ அந்த டப்பா அங்கதான் இருந்திச்சி. மூடி பிரிக்கல. மேல மூணு விரலால குங்குமம் இழுத்திருந்திச்சி. சாமிக்கு வச்சதுன்னு நெனச்சிட்டேன்."

முனிகிருஷ்ணன் தீக்குச்சியை ஊதி அணைத்தார். அந்த ஷெட்டில் பிரித்துச் செய்த என்ஜினுக்கு ஊற்றும் முதல் ஆயிலைச் சாமி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகு அதே கையோடு ஊற்றுவதுதான் வழக்கம். கற்பூரம் நின்றதும் ஊற்றுகிற கையும் நின்றிருக்கிறது.

"வெள்ளிக்கிழம ஒரு ஜீப்புக்கு ஊத்தினேன்" என்றார் மெதுவாக. "குங்குமம் காய்ஞ்சி கெடந்திச்சி. நம்ம வீட்டுக்காரி காலையிலயே ஜீப்புக்குன்னு வச்சிட்டா போலன்னு... இந்த வண்டி டப்பாதான் அது. கற்பூரம் வேணான்னதும் ஊத்தறதையும் மறந்துட்டேன். தப்பு என்னுதுதான் முதலாளி. என்ஜினை நானே மறுபடி செஞ்சி தர்றேன்."

"கற்பூரத்தை யார் நிறுத்தினது?" என்றார் பாலசுந்தரம்.

"நான்தான்" என்றான் கிருபானந்தம், அவள் வாய் திறப்பதற்குள்.

"கற்பூரம் உன் இஷ்டம். குச்சியை இழுத்துப் பாக்காம வண்டி எடுத்தியே, நீயெல்லாம் டிரைவரா? முனிகிருஷ்ணன் ஒத்துக்கினான், பொழைச்சே. போ."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "மூணு நாளா தெரிஞ்சிக்கினுதான் இருந்தியா?" அவள் தலையாட்டினாள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் சௌந்தரி அவனிடம் போய், ஆயில் பார்ப்பது எப்படி என்று காட்டச் சொன்னாள். காட்டுவதற்கு வாசலில் வண்டி இல்லை. என்ஜின் தயாராகி வருகிற வரைக்கும் ஒரு மாதம் காத்திருந்து கற்றுக்கொண்டாள்.

இப்போது முனிகிருஷ்ணன் ஷெட்டில் ஆயிலை ஊற்றிவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுகிறார்கள். கிருபானந்தம் அதே பாலசுந்தரத்தின் வேறொரு வண்டியை ஓட்டுகிறான். அந்த மூன்று நாளைப் பற்றி அவர்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.